பட்டு மூட்டைக்கு இன்சூரன்ஸ்

ஆம்பூர் தாண்டியதும் அடித்த காற்றில் தார்ப்பாய் கிழிந்தது. கிழிந்தது கூடப் பரவாயில்லை. முழு லாரியில் எத்தனையோ இடம் இருக்க, சரியாக அந்த இரண்டு மூட்டைகளுக்கு மேலே கிழிந்தது. மழை ஆரணி வரைக்கும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தார்ப்பாயை விலக்கிப் பார்த்த பலராமன் அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தினி மூட்டைங்க?" என்றாள் அவன் மனைவி ரேணுகாம்பாள்.

"ரெண்டு தான். ஆனா அரிசி இல்ல. பட்டு நூலு."

ரேணுகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய கல்யாணப் புடவை பதினெட்டு வருஷமாகத் தண்ணீரைப் பார்த்ததில்லை. ஒரு விசேஷத்தில் அதன் மேல் ஒரு சொட்டு ரசம் பட்டதற்கே நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டைப் பற்றி அந்த வீட்டில் இருந்த ஞானம் அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தறிச்சத்தம் கேட்டாலும், அவர்கள் தெருவில் இருந்தவர்கள் லாரிக்காரர்களும் களம்பூர் ரைஸ் மில்லில் வேலை செய்கிறவர்களும்தான். பலராமன் களம்பூர் அரிசியைப் பெங்களூரில் இறக்கிவிட்டு, கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்புகிறவன். சொந்த வண்டி, அவனே டிரைவர், அவனே முதலாளி. பட்டு நூல் வியாபாரி பத்மகுமார் இந்த முறைதான் முதன்முதலாக அவனை நம்பிச் சரக்கு கொடுத்திருந்தார். லாரியை விற்றாலும் அந்த மூட்டைகளுக்கு ஈடாகாது.

சொல்லிவிடலாம் என்று கடைக்கு ஓடினான். கடை பூட்டியிருந்தது. பத்மகுமார் குடும்பத்தோடு போளூர்ப் பக்கம் திருமலைச் சமணக் கோயிலுக்குப் போயிருக்கிறார், செவ்வாய்க்கிழமை காலையில்தான் வருவார் என்றார்கள்.

திரும்பி வந்தவனிடம் ரேணுகாம்பாள் கேட்டாள்: "அந்த ஏஜெண்டு உன்னாண்ட கையெழுத்து வாங்கிகினு போனாரே, அது எதுக்கு?"

பலராமனுக்கு உயிர் வந்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தேவகுமார் மூன்று மாதம் டீக்கடை டீக்கடையாகத் துரத்தி, "வண்டிக்கு மட்டும் இருந்தா போதுமா, ஏத்தற சரக்குக்கும் வேணாமா?" என்று எடுக்க வைத்த பாலிசி அது. துரத்தலைத் தாங்க முடியாமல்தான் பலராமன் கையெழுத்துப் போட்டான். இப்போது ஆள் அனுப்பியதும் அதே தேவகுமார் சைக்கிளில் வந்து இறங்கியபோது சாமியே வந்த மாதிரி இருந்தது.

"கவலப்படாதீங்க பலராமன். நாளைக்கு வேலூர் ஆபீசுக்கு டிரங்க் கால் போடறேன். செவ்வாய்க்கெழம சர்வேயர் வந்து பாப்பாரு. அதுவரைக்கும் சரக்கு எப்படி இருக்குதோ அப்படியே இருக்கணும். ஏழாம் நம்பர் விதி."

அவர் போனதும் மூட்டைகளை அப்படியே கூடத்தில் இறக்கி வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை தேவகுமார் மூச்சு வாங்க மறுபடி வந்தார். "ராத்திரி முழுக்கப் படிச்சேன். ஒம்போதாம் நம்பர்ல வேற மாதிரி இருக்குது. சரக்கு மேல கெட்டுப் போவாம சொந்தக்காரன் மாதிரி காப்பாத்தணுமாம். இல்லன்னா ஒண்ணும் கெடைக்காது."

"அப்ப காய வைக்கணுமா?"

"காய வச்சா ஏழாம் நம்பர் போயிடும்."

"வைக்கலன்னா?"

"ஒம்போதாம் நம்பர் போயிடும்."

மூவரும் மூட்டைகளைப் பார்த்தார்கள். ரேணுகாம்பாள்தான் வழி சொன்னாள். "ரெண்டு விதி, ரெண்டு மூட்ட. ஒண்ண காய வைப்போம், ஒண்ண ஈரமாவே வைப்போம்."

தேவகுமார் அவளை மரியாதையோடு பார்த்தார்.

வெளியே தூறல் நிற்கவில்லை. எனவே ஒரு மூட்டை நூலைப் பிரித்து, அடுப்படியில் கொடி கட்டிக் காயப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தன் கரி அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மத்தியானத்துக்குள் நூல் காய்ந்தது. ஆனால் புகை வாசனை ஏறிவிட்டது. வாசனை போக சாம்பிராணி போட்டாள் கெங்கம்மாள். இப்போது நூல் காய்ந்து, கொஞ்சம் மஞ்சளாகி, மாரியம்மன் கோயில் மாதிரி மணந்தது.

இந்த அனலில் மற்ற மூட்டையும் தானாகக் காய ஆரம்பித்தது. ஏழாம் நம்பர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு முனியம்மா அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தாள். தெருவில் போன ஒருவர் எட்டிப் பார்த்து, "வூட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பலராமன் வாசலில் உட்கார்ந்து யோசித்தான். பதினைந்து வருஷமாக ரோட்டில் தனியாக ஓடுகிறவன் அவன். ஏதாவது ஆகிவிட்டால் கேட்க நாதியில்லை என்றுதான் நினைத்திருந்தான். இங்கே ஒருத்தி தன் கரியை எரிக்கிறாள், ஒருத்தி வேலைக்குப் போகாமல் சொம்போடு நிற்கிறாள், தேவகுமார் சோறு தண்ணி இல்லாமல் சைக்கிள் மிதிக்கிறார். எல்லாம் போனாலும் இவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கியது. கலங்கியதில் பாதி, சாம்பிராணி.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் சர்வேயர் ஜெயவேல் வந்தார். காய்ந்த நூலை முகர்ந்தார். ஈர மூட்டையை விரலால் அழுத்தினார். அதிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் இறங்கியது.

"ஒரே மழையில நனைஞ்சது, ஒண்ணு ஏன் இப்படி, ஒண்ணு ஏன் அப்படி?"

தேவகுமார் பாலிசியை எடுத்தார். பலராமன் அவரைத் தடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் தானே சொன்னான். சொம்பையும் சொன்னான்.

ஜெயவேல் பேனாவை மூடினார். "இவ்ளோ உண்மைய யாரும் எங்கிட்ட சொன்னதில்ல. நானும் ஒரு உண்மை சொல்றேன். இதுவரைக்கும் ஒடைஞ்ச சோடா பாட்டிலும் நசுங்கின தகர டின்னும்தான் பாத்திருக்கேன். பட்டுல எது சேதம்னு தெரியாது. சரக்குக்காரர் எழுதிக் குடுக்கட்டும், நான் கண்ண மூடிகினு சிபாரிசு பண்றேன்."

பலராமன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

இரண்டு மூட்டைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் பத்மகுமார் கடைக்குப் போனார்கள். கெங்கம்மாளும் முனியம்மாவும் சாட்சி சொல்ல லாரியின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பத்மகுமார் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து கடை திறந்திருந்தார்.

"மொதலாளி, என்ன நம்பிக் குடுத்தீங்க. மழையில வுட்டுட்டேன்," என்றான் பலராமன். "இன்சூரன்ஸ் இருக்குது. உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வராது. ஏஜெண்டு, சர்வேயர் சாரு, இந்தத் தெருப் பொம்பளைங்க, எல்லாரும் எனக்காக வந்துகிறாங்க. இவங்களுக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்யப் போறேன்னே தெரியல. நீங்க சேதம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

பத்மகுமார் அவனையும், கூட்டத்தையும், இரண்டு மூட்டைகளையும் பார்த்தார். அவர் உதடு லேசாகத் துடித்தது. கோபமா என்று பலராமனுக்குப் புரியவில்லை. அவர் கொல்லைப் பக்கம் திரும்பி, "சின்னக்கண்ணு, இங்க வா," என்றார்.

முழங்கை வரை சிவப்பும் பச்சையுமாகக் கறை படிந்த சாயக்காரர் சின்னக்கண்ணு வந்தார். ஈர மூட்டையைத் தடவிப் பார்த்து முகம் மலர்ந்தார். காய்ந்த மூட்டையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். பிறகு பலராமனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப உபகாரம்ணே, சாயம் போடறதுக்கு முன்னால நான் எப்பவும் ஒரு நாள் ஊற வச்சிதான் சோப்புத் தண்ணியில கொதிக்க வுடுவேன், ஒரு மூட்டைய நீங்களே ஊற வச்சி எடுத்துகினு வந்துட்டீங்க, அப்படியே இந்த இன்னொண்ணையும் ஈரமாவே வுட்டு வச்சிருக்கக் கூடாதா?"