மைனஸ் இருபத்து நாலில் ஒரு கெட்டில் வெந்நீர்

என்னைப் பற்றி ஆம்பூரில் உலவும் கதையில் முக்கால்வாசி உண்மைதான். பின்லாந்தில் ஒரு பெரிய மனிதரின் காரை நான்தான் உடைத்தேன். முன்கண்ணாடி, பம்பர், அடுக்கி வைத்திருந்த விறகு, எல்லாம் கால் மணி நேரத்துக்குள். மீதிக் கால்வாசியை இதுவரை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். நாங்கள் செய்தது பனிக்கால பூட்ஸ். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்வை சொட்டச் சொட்ட எங்கள் பெண்கள் பூட்ஸுக்குள் கம்பளி வைத்துத் தைப்பார்கள். பனியை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. (மார்கழியில் ஏலகிரிக்குப் போய் ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுத்ததையெல்லாம் சேர்க்க முடியாது.)

அந்த ஜனவரியில் முதலாளி என்னையும் மேனேஜரையும் பின்லாந்துக்கு அனுப்பினார். அங்கே யூஹானி என்ற பெரியவர்தான் பல வருடங்களாக எங்களிடம் பூட்ஸ் வாங்குகிற 'பயர்'. புது சாம்பிளைப் பார்த்துவிட்டு அடுத்த வருட ஆர்டரில் கையெழுத்துப் போடுவார். போட்டால் எங்கள் நாலாவது லைன் ஓடும். போடாவிட்டால் அந்த லைனில் தைக்கும் அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

யூஹானி எங்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ராத்திரி சாப்பாட்டில், "நாளைக்குக் காலையில் நான் மகனோடு சீக்கிரம் ஆபீஸ் போய்விடுவேன். இந்தப் பக்கம் டாக்ஸி கிடைப்பது கஷ்டம்" என்று யோசித்தார். மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க எஸ்தர் பிரமாதமா ஓட்டுவா!" என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். நான் அங்கேயே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "பெங்களூர் ஹைவேயில் தினமும் ஓட்டுகிறேன். பனியெல்லாம் ஒரு விஷயமே இல்லை" என்றேன். (ஓட்டியது மாமாவின் சின்னக் கார். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை. மொத்தம் நாலு தடவை. அதில் இரண்டு தடவை அவரே பாய்ந்து ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டைக்கூட போட்டோ போடுவதற்காகத்தான் வாங்கி வைத்திருந்தேன்.)

சாப்பிட்டதும் தன் காரைக் காட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். அது நீளமாக, கறுப்பாக, எங்கள் கம்பெனி கேட்டைவிட மிடுக்காக நின்றது. உள்ளே உட்கார்ந்ததும் சீட்டின் தோலைத் தடவிப் பார்த்தேன். தொழில் புத்தி. யூஹானி பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொன்னார். எஞ்சின் உறையாமல் இருக்க ராத்திரி முழுக்கக் கரண்ட் கம்பத்தில் ஒயர் மாட்டியிருக்கும், கிளம்பும்போது கழற்ற வேண்டும். கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் தகடு கதவுப் பையில் இருக்கிறது. வழுக்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. இன்னும் நாலைந்து சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் "நோ ப்ராப்ளம்" என்றேன். எங்கள் தொழிலில் பயரிடம் 'புரியவில்லை' என்று சொல்வது தற்கொலைக்குச் சமம்.

காலை ஒன்பது மணி. அப்போதுதான் வெளிச்சம் லேசாக வந்துகொண்டிருந்தது. மைனஸ் இருபத்து நாலு. மூச்சை இழுத்தால் மூக்கு முடி ஊசியாகக் குத்தியது. கார்க் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் உருகிவிடும் பனி அது என்றோ, கதவுப் பையில் தகடு இருந்தது என்றோ என் மூளைக்கு எட்டவில்லை. மூளையும் உறைந்திருக்கலாம்.

"வெந்நீர் ஊத்தும்மா" என்றார் மேனேஜர். "எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஐஸ் கட்டினா அப்பிடித்தான் பண்றோம்."

"சார், கண்ணாடி..."

"இன்னா கண்ணாடி? இவ்ளோ பெரிய காருக்கு இதுகூடத் தாங்காதா? ஊத்து!"

கெட்டிலோடு வந்து ஊற்றினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி. ஊற்றிய தண்ணீர் வழியும்போதே மறுபடியும் பனியானது.

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, வா. போய்ட்டே இருப்போம். அங்க போய் சொல்லிக்கலாம்."

கண்ணாடியில் தோசைக்கல் அளவுக்குப் பார்க்க வழி உண்டாக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். சீட் சூடாகும் என்று அவருக்குத் தெரியாது. "எஸ்தர், தீப்பிடிச்சிருச்சு!" என்று துள்ளினார். அந்தப் பதற்றத்தில் காரை நகர்த்தினேன். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. கொஞ்சம் அழுத்தினேன். 'பட்' என்று ஒயர் அறுந்தது. அதோடு பம்பரில் ஒரு துண்டும் போனது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் நிற்கவில்லை. தேர் மாதிரி மெதுவாக, மரியாதையாக, பக்கவாட்டில் திரும்பிப் போய் விறகு அடுக்கில் சாய்ந்தது. விறகெல்லாம் ஒவ்வொன்றாகக் கார்க் கூரை மேல் உருண்டது.

கதவைத் திறந்து இறங்கினேன். காலில் எங்கள் கம்பெனியின் புது சாம்பிள் பூட்ஸ். முதல் அடியிலேயே வாரிவிட்டது. மல்லாக்க விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவையும் விழுந்து, குனிந்து பார்த்தபோதுதான் சோல் குறுக்கே பிளந்திருந்தது தெரிந்தது. கல் மாதிரி இறுகி, வெடித்துப் போயிருந்தது.

நல்ல சோலை எடுத்துவிட்டு இந்த விலை குறைந்த சோலைப் போட்டவர் மேனேஜர். 'குளிர் ஜாஸ்தியானால் இது தாங்காது சார்' என்று மூன்று மாதத்துக்கு முன்பே நான் அவருக்கு மெயில் போட்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "பயர் இன்னா ஃப்ரீசர்லயா நடக்கப் போறாரு?" என்று கேட்டார்.

யூஹானியின் மனைவி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவருக்கு போன் செய்திருந்தார். அவர் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இதற்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்றார். பிறகு என் முன்னால் குனிந்து, பிளந்த பூட்ஸைக் கையில் வாங்கி, சோலை மெல்ல வளைத்தார். அது இரண்டாக உடைந்து அவர் கையில் வந்தது.

"இதை என் ஊர்க் குழந்தைகள் காலில் மாட்டச் சொல்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். மேனேஜரிடம் இல்லை, என்னிடம். ஆர்டரில் கையெழுத்துப் போடவில்லை.

ஊர் திரும்புவதற்குள் கதை எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. 'எஸ்தர் பயர் கார்ல வெந்நீர் ஊத்தி ஆர்டரையே காலி பண்ணிட்டா.' முதலாளி மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "காரை உடைச்சிட்டு வந்தியாமே?" என்றார். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதலாளிக்கு மச்சான் முறை. என் போனில் அந்த மெயில் இருந்தது. திறந்து நீட்ட ஒரு நிமிடம் போதும். என் தம்பியை அந்த மாதம்தான் அங்கே தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் சேர்த்திருந்தோம். "சாரி சார்" என்றேன். (பனியில் மூன்று தடவை விழுந்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாலாவது தடவை விழுந்தது இங்கேதான்.)

கோடை வெயில் ஏறுவதற்குள் நாலாவது லைனை மூடிவிட்டார்கள். அதில் பதினோரு வருடம் தைத்த நவநீதம் அக்காவை ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மேல்விஷாரத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். "இன்னா எஸ்தரு, ஒரு கெட்டில் வெந்நீர எங்க எல்லார் தலையிலயும் ஊத்திட்டியே" என்று சொல்லிவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்பது போல என் தோளைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அப்புறம் நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். மேனேஜர் இப்போது டைரக்டர். கதை மட்டும் எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் என் மகள் அதை ஆரம்பித்தாள். அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள். மேனேஜர் சீட்டில் துள்ளும் இடத்தில் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"ஆர்டர் போனது காரால இல்ல பாப்பா, சோலாலதான். அந்த சோலை யாரு மாத்தினதுன்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அம்மா, ஜோக்கைக் கெடுக்காத" என்றாள். "அந்த விழுந்த இடத்தை மட்டும் செஞ்சு காட்டு. ப்ளீஸ்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செய்து காட்டினேன்.