கைசரின் வெறும் நாடா

மொன்றியலில் கார் ஓட்டும் தமிழரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் ஒழுங்காகப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. ஆனால் ஜெர்மன் மன்னர் கைசர் காலத்து இரும்புச் சிலுவைப் பதக்கத்தைக் கையில் கொடுத்தால் அசலா போலியா என்று சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கைசர் என்றால் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கத் தெரியும்.

கைசர் எங்களுக்கெல்லாம் கார் பழக்கியவர். மற்றவர்கள் காரில் காப்புறுதிக் கடதாசி வைக்கும் இடத்தில் இவர் ஒரு பூதக்கண்ணாடியும், நூலில் கட்டிய காந்தமும் வைத்திருப்பார். பாடம் இப்படித்தான் நடக்கும்:

"சிக்னலைப் போடும் தம்பி. அசல் சிலுவைக்கு நடுவிலை இரும்பு, சுத்திவர வெள்ளி விளிம்பு. விளிம்பு ஒட்டின கோடு கண்ணுக்குத் தெரியவேணும். போலியெண்டா ஒரே வார்ப்பு. சிவப்பு, சிவப்பு! பிறேக்கை அமத்தும்!"

இந்த விசர் அவருக்குப் பிடித்ததே என்னால்தான். ஒரு பாடத்தின்போது, புறநகரான பியர்பொன்ட்ஸில், ஒரு வெள்ளைக்காரக் கிழவி வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். நான் பின்னுக்கு எடுத்த காரில் அவள் மேசை கவிழ்ந்தது. தகரப் பெட்டி ஒன்று திறந்து பதக்கங்கள் புல்லில் கொட்டுண்டன. இடித்த பாவத்துக்குக் கைசர் பெட்டியோடு வாங்கவேண்டியதாயிற்று. உள்ளே ஒரே மனிதனின் மார்பில் வரிசையாகக் குத்தியிருந்த மூன்று நாடாக்கள் இருந்தன. கறுப்பும் வெள்ளையுமான நாடாவில் இரும்புச் சிலுவை. நீல நாடாவில் நீண்டகாலச் சேவைக்கான சிலுவை. நடுவில் வெள்ளையும் செம்மஞ்சளுமான நாடா மட்டும், பதக்கம் இல்லாமல், வெறுமனே தொங்கியது.

"நீர்தான் விழுத்தினீர். தேடும்!" என்றார் கைசர்.

கிழவியின் புல்தரையில் நான் முழங்காலில் தவழ்ந்து தேடினேன். அடுத்த இரண்டு பாடங்களும் அதே புல்தரையில்தான் நடந்தன. கிழவி தேத்தண்ணி போட்டுத் தரும் அளவுக்கு வந்துவிட்டாள்.

பிறகு அவர் நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, ஒருநாள் முகம் வெளிறிப்போய் வந்தார். "தம்பி, அது விழேல்லை. அது பிரஷ்ய மன்னற்ரை செங்கழுகு விருது. வாங்கின ஆள் செத்தா வீட்டுக்காரர் அதை அரசாங்கத்திட்டைத் திருப்பிக் குடுக்கவேணும். அதுதான் சட்டம். பெண்சாதி திருப்பிக் குடுத்துப்போட்டு நாடாவை வச்சிருந்திருக்கிறா."

"சரி, எனக்கு எப்ப லைசென்ஸ் ரெஸ்ற்?" என்று கேட்டேன். அவருக்கு அது காதில் விழவில்லை.

அன்று தொடங்கியது. பக்கத்து நகரான லவாலில் ஞாயிற்றுச் சந்தை எங்கே கூடினாலும் எங்கள் பாடம் அங்கேதான் போய் முடியும். பவேரியச் சிங்கப் பதக்கம், சாக்சன் வாள் பதக்கம், போரில் காயப்பட்டவனுக்கான கறுப்புச் சின்னம் எல்லாம் அவர் வீட்டில் சேர்ந்தன. காந்தம் சட்டைப் பைக்குக் குடிபெயர்ந்தது. ஒரு கலியாணவீட்டில் சும்மா இருக்காமல் அதைப் பெண்ணின் தாலிக்கொடிக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொடி இழுபட்டது! கொளுக்கிக்குள் இருந்த சின்னக் கம்பிச்சுருள்தான் இழுபட்டது என்று கண்டுபிடிப்பதற்குள், போலித் தங்கம் என்று பெண்ணின் மாமன் மாப்பிள்ளையின் தகப்பனுடைய வேட்டியைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு கைசருக்குக் கலியாணம் சொல்ல ஆளில்லை. செத்தவீட்டுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்பதால், அவர் அங்கே மட்டும் போய்வந்தார்.

அந்த நாளில் நான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். எங்கள் சங்கத்தில் உறுப்பினரைவிடக் கேடயம் அதிகம். எல்லோருக்கும் கொடுத்து முடிந்து மிஞ்சிய ஒன்றில் 'சாரதியர் திலகம்' என்று பொறித்துக் கைசருக்கும் கொடுத்தோம். மனிதர் மேடையிலேயே காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, ஒலிவாங்கியில் "பிளாஸ்ரிக்" என்றார். ஆனாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இறங்கினார்.

எங்கள் பொருளாளர் மாரடைப்பில் போனார். மலர்ச்சாலையில் அவருடைய மனைவி யோகம் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கல்லாக இருந்தார். கைசர் நேரே அவரிடம் போனார்.

"அக்கா, அண்ணைக்குச் சங்கம் குடுத்த கேடயத்தைத் திருப்பித் தரவேணும்."

"மனுசன் இன்னும் பெட்டிக்குள்ளை கிடக்குது. கண்டறியாத கேடயம் கேட்டு வந்து நிக்கிறியளோ? உங்களுக்கென்ன விசரோ?"

நான் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு மானம் போய்விட்டது. காருக்குள் ஏறியதும் வாயில் வந்தபடி ஏசினேன். அவர் கண்ணாடியில் விழும் பனியைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ரை தம்பி ஊரிலை நடந்த கடைசிச் சண்டையிலை போனவன்," என்றார். "செத்தவன் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அதை ஆரிட்டைச் சொல்லுறது? எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அப்பிடி ஒராள் இல்லையெண்டினம். அம்மா தேடித் தேடியே செத்தா. அந்த விருதுக்காரன்ரை பெண்சாதிக்கு ஒரு வாசல் இருந்தது தம்பி. பதக்கத்தைக் கொண்டுபோய் நீட்ட, ஒருத்தன் கையாலை வாங்கி, ஓம், உன்ரை மனுசன் செத்தது எங்களுக்குத் தெரியும் எண்டிருப்பான். ஒராள் அறியவேணும். அவ்வளவுதான்."

நான் இறங்கிக் கண்ணாடிப் பனியைத் துடைத்தேன்.

யோகம் அக்காவிடம் இதை நான்தான் சொன்னேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, எல்லோருக்கும் செத்தவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம் கொடுத்து, பந்தி வைக்கப் போகும்போது, அக்கா உள்ளேயிருந்து கேடயத்தை எடுத்து வந்து கைசர் முன்னால் நீட்டினார். கைசர் செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் வாங்கினார். "பொருளாளர் காலமானார். சங்கம் அறிந்துகொண்டது," என்று செந்தமிழில் சொன்னார். யாரோ ஒரு பொடியன் சிரித்தான். யோகம் அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழத் தொடங்கினார். மனிதன் செத்ததிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார்.

பிறகு கதையே மாறிவிட்டது. செத்தவீட்டுக்காரர் தாங்களாகவே கைசரைத் தேடிவந்தார்கள். கேடயம் இல்லாதவர்கள் விளையாட்டுப்போட்டிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். அவர் எதையும் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை.

நன்றாகப் போகிற எதையும் நாங்கள் விட்டுவைப்பதில்லையே. பொங்கல் மலரில் யாருடைய படம் முன்பக்கம் என்ற பிரச்சினையில் சங்கம் இரண்டாக உடைந்தது. நான் இரண்டு பக்கமும் இல்லாமல் வெளியே வந்தேன். அதே காலத்தில் கைசருக்கு ஈரலில் புற்று என்றார்கள். கலியாணம் கட்டாத மனிதர். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தச் 'சாரதியர் திலகம்' கேடயம் இருந்தது.

"மன்னர் சண்டையிலை தோத்து ஒல்லாந்துக்கு ஓடினாப் பிறகு, விருது வச்சிருந்தவங்களுக்கும் இதே பிரச்சினைதான்," என்று சிரித்தார். "திருப்பிக் குடுக்க வாசல் இல்லை. தம்பி, என்ரையை ஆர் வாங்குறது?"

"பேய்க்கதை கதையாதையுங்கோ அண்ணை. நான் ஒழுங்குபடுத்திறன்."

உடைந்த சங்கத்தின் ஒரு பக்கத்துத் தலைவருக்கு ரெலிபோன் எடுத்தேன். "அது பழைய நிர்வாகம் குடுத்தது. எங்களுக்குச் சம்பந்தமில்லை," என்றார். மற்றத் தலைவர், "கைசர் அந்தப் பக்கத்து ஆள் எல்லோ?" என்றார். செத்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு என்ன ஐயா பக்கம் என்று கேட்டேன். பிறகு எடுக்கிறேன் என்று வைத்தவர் இன்னும் எடுக்கவில்லை. கைசரிடம் இதை மறைத்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று, பெட்டியிலிருந்து அந்த மூன்று நாடா வரிசையை எடுத்து என் கையில் வைத்தார். "நீர் இடிச்சு எடுத்தது. நீரே வச்சிரும்," என்றார்.

அவர் போன காலை, தாதி ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்தாள். குடும்பமா என்று பிரெஞ்சில் கேட்டாள். வேறு யார் வரப்போகிறார்கள்? ஆம் என்றேன். பைக்குள் காந்தமும் பூதக்கண்ணாடியும் இருந்தன. கேடயத்தை அவள் தனியாக எடுத்து நீட்டினாள்.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவள் ஒரு அடி பின்னுக்குப் போனாள். இரண்டு கையாலும் வாங்கினேன். சங்கம் அறிந்துகொண்டது என்று சொல்ல எங்களுக்குச் சங்கம் இல்லை.

"நான் அறிஞ்சுகொண்டன், அண்ணை," என்றேன்.