டத்தோ கிராமாட்டின் ரிசெப்டர் அண்ணன்

போலீஸுக்கே இரண்டு மணி நேரம் கஞ்சா வகுப்பெடுத்துவிட்டுக் கைவிலங்கில்லாமல் வீடு திரும்பிய ஒரே மனிதர், பினாங்கிலேயே எங்கள் ரிசெப்டர் அண்ணன்தான்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி அவருக்கு. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சரசு அக்காவுக்கு மறதி நோய் வந்ததும், ஆராய்ச்சிக் கட்டுரைகளை மெஷின் மேனுவல் போல வரிவரியாகப் படிக்கத் தொடங்கினார். அவரிடம் லிஃப்டில் மாட்டினால் தொலைந்தோம்.

"தம்பி, மூளையில ரெண்டு பூட்டு இருக்கு லா. சிபி ஒன்னு, சிபி ரெண்டு. அதான் ரிசெப்டர். கஞ்சா சரக்கு அதுல போய் ஒட்டும். மொத பூட்டத் தொட்டா போதை. ரெண்டாவதத் தொட்டா மூளை வீக்கம் குறையுமான்னு பாக்குறாங்க. எலிக்குக் குடுத்துப் பாக்குற வரைக்கும் வந்துட்டாங்க!"

என் மாடி இரண்டு. பேச்சு எலிக்கு வருவதற்குள் லிஃப்ட் மூன்று முறை ஏறி இறங்கியிருக்கும்.

ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்: 'ஞாயிறு மாலை, கீழ்த்தள மண்டபத்தில் கஞ்சாவும் மூளையும். அனைவரும் வருக. கறிபாப் உண்டு.'

கஞ்சா என்று முணுமுணுத்தாலே கம்பி எண்ண வைக்கும் நாட்டில் இப்படி ஒரு அழைப்பு! நாங்கள் கிழங்கு வைத்துப் பொரித்த அந்தக் கறிபாப்புக்காகப் போனோம். சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் அண்ணனுக்காக வந்தார்கள்.

பேச்சு முடிந்ததும் முன்பின் தெரியாத ஒருவன் அண்ணனை நெருங்கி, சட்டைப்பையிலிருந்து சின்ன புட்டியை எடுத்தான். "கஞ்சா எண்ணெய்ண்ணே. அக்காவுக்கு ரெண்டு சொட்டு விடுங்க. எல்லாம் ஞாபகம் வந்துரும்."

அண்ணன் முன்வரிசையிலிருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு புட்டியைப் பார்த்தார். வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

"இது எந்தப் பூட்டுக்கு? ஒன்னா, ரெண்டா?" என்றார் கடைசியில். கையில் மைக் இருந்ததையே மறந்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏதோ ஒரு பூட்டுக்குண்ணே," என்றான் அவன்.

"எந்தப் பூட்டுன்னே தெரியாத சாவிய என் பொண்டாட்டி தலையில விடச் சொல்றியா?"

அவன் ஓட, ஒரு போலீஸ்காரர் துரத்தினார். மற்றவர் அண்ணனிடம் தயங்கித் தயங்கி வந்தார். "எங்கம்மாவுக்கும் மறதிண்ணே. அந்த ரெண்டாவது பூட்டுக்கு மருந்து எப்ப வரும்?"

"இன்னும் எலிதான் தம்பி," என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

சரசு அக்கா என் கையைச் சுரண்டினார். "நல்லா பேசுறாரே, யாரு இவரு?"

"உங்க வீட்டுக்காரருதான்க்கா."

"அப்படியா!" அக்காவின் முகம் மலர்ந்தது. "நான் கொடுத்து வெச்சவதான்."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் நிமிரவில்லை. "அடுத்த ஞாயிறும் கிளாஸ் இருக்கு லா," என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து லிஃப்டில் அண்ணன் இருந்தால், நான் இரண்டாவது மாடியில் இறங்குவதில்லை.