இல்லாத நரிக்குக் கிடைத்த வேலை

ஒரு காட்டில், அதைக் காடு என்று சொன்னால் மற்றக் காடுகள் சிரிக்கும், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் துறைமுகமும் நெருக்க, நடுவில் உடைமரமும் கள்ளியும் மணலுமாய்க் கிடந்த ஓர் இடத்தில், சுயம்பு என்றொரு நரி குடும்பத்தோடு இருந்தது.

கதைகளில் வரும் நரிகளுக்குத் தந்திரம் உண்டு. சுயம்புவுக்கு அது வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது யோசனை. ஒரு நண்டைப் பிடித்தால்கூட, இதைப் பிடித்தது சரிதானா, இதற்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்களா என்று யோசிக்கும். நண்டு அதற்குள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும். சுயம்புவின் மனைவி ஆவுடைதான் நண்டு பிடித்து மூன்று குட்டிகளையும் வளர்த்து வந்தது.

அந்தக் காட்டுக்கு ஒருநாள் வளர்ச்சி வருவதாகச் சேதி வந்தது. கொண்டுவந்தது தவசி என்ற கொக்கு. தவசி அண்ணாச்சிக்கு எந்நேரமும் வெள்ளை உடுப்பு, எந்தக் குளத்திலும் ஒற்றைக் காலில் நிற்பு. அடுத்த தேர்தலில் எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாததால்தான் மற்றக் காலை மடக்கி வைத்திருக்கிறது என்று ஊரில் பேச்சு.

"சுயம்பு, உனக்கு நல்ல காலம் வந்துட்டுவே," என்றது தவசி. "ஃபேக்டரி வருது. பக்கத்துலயே துறைமுகம், தலைக்கு மேல வெயிலு, நாலு பக்கமும் காத்து. இப்படி இடம் எவனுக்குக் கிடைக்கும்? வேலை வேலைன்னு கொட்டப் போகுது."

"எங்க வளை என்னாகும் அண்ணாச்சி?"

"அது காம்பவுண்டுக்குள்ள வருது. வேலை பாக்கவங்க குடும்பத்துக்கெல்லாம் உள்ளேயே வளை ஒதுக்குதாங்க. உனக்கு வேலை கிடைச்சா, உன் வளையையே உனக்கு ஒதுக்கச் சொல்லுதேன். நான் சொன்னா கேப்பாங்க."

தவசி போனதும் ஆவுடை கேட்டது. "நம்ம வளையை நமக்குக் கொடுக்கதுக்கு இவரு எதுக்குங்க?"

"வேலையோட சேத்துக் கொடுக்காங்க, ஆவுடை."

"வேலை கிடைக்கலேன்னா?"

சுயம்பு யோசித்துப் பார்த்தது. காம்பவுண்டுக்கு வெளியே என்றால் உப்பளம்தான். அங்கே ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. நடந்தால் பாதம் பொத்துப்போகும். குட்டிகள் மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று கடித்தபடி வளைவாசலில் உருண்டுகொண்டிருந்தன. வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று சுயம்பு முடிவு செய்தது. பிறகு, முடிவு சரிதானா என்று யோசிக்க ஆரம்பித்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் உடைமர நிழலில் நடந்தது. ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிரியாணிப் பொட்டலம் பின்பக்கம் வந்திறங்கியிருந்தது. கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி ஓர் ஆமை. போன ஆட்சியில் புறப்பட்டு இந்த ஆட்சியில் வந்து சேர்ந்திருந்தது. தவசி எல்லா விலங்குகளையும் முன்னதாகவே ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவைத்தது.

"நல்லா கேட்டுக்கிடுங்க. அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. இந்த இடத்துல விலங்கு உண்டா? உண்டுன்னு சொன்னா ஃபேக்டரி கிடையாது, சட்டம் விடாது. ஃபேக்டரி இல்லேன்னா உங்களுக்கு வேலை கிடையாது. புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. சுயம்புவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரிந்தது. ஆனால் பிரியாணி வாசனையில் யோசனை ஓடவில்லை.

ஆமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த கழுதைகளையும் உடும்புகளையும் கீரிகளையும் நரிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"இந்தப் பகுதியில் விலங்குகள் யாரேனும் வசிக்கிறார்களா?"

"இல்லை!" என்று எல்லா விலங்குகளும் கத்தின. கழுதைகள் கத்தியதில் ஷாமியானாவின் ஒரு கயிறு அறுந்தது.

பின்வரிசையில் ஒரு மயில் மட்டும் எழுந்து நின்றது. "ஐயா, நான் இருக்கேனே?"

"உக்காருவே! வளர்ச்சி பிடிக்காதவனே!" என்று பக்கத்திலிருந்த உடும்பு அதன் தோகையைப் பிடித்து இழுத்தது.

"யாரோ பேசினாற்போல இருந்ததே?" என்று ஆமை கேட்டது.

"காத்துங்கய்யா," என்றது தவசி. "கடற்கரைல்லா."

ஆமை தலையாட்டியது. இந்த இடத்தில் விலங்குகள் இல்லை என்று விலங்குகள் ஒருமனதாகத் தெரிவித்துவிட்டதாக அறிவித்துவிட்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இல்லாதவர்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். மயிலும் சாப்பிட்டது.

தொழிற்சாலை எழும்பியது. உள்ளே 'பாகம்' செய்வதாகச் சொன்னார்கள். எதனுடைய பாகம் என்பது வேறொரு ஊரில் உள்ளவர்களுக்குத்தான் தெரியுமாம். ஆளெடுக்கும் நாளன்று, மண்ணின் மைந்தர்களுக்கு முன்னுரிமை என்று எழுதியிருந்த கவுண்டரில் சுயம்பு முதல் ஆளாகப் போய் நின்றது. உள்ளே மேனேஜர் கரடி. மலையிலிருந்து வந்தவர். கடற்கரை வெக்கையில் உடம்பு முழுக்கக் கம்பளி போட்ட கஷ்டத்திலும் மரியாதையாகப் பேசினார்.

"எந்த ஊர் நீங்க?"

"இதே ஊருதான் சார். இந்தா, நீங்க உக்காந்திருக்க நாற்காலிக்கு நேர் பின்னாலதான் எங்க வளை."

கரடி முகம் வாடியது. "அப்படியா? ஆனா இந்த ஊர்ல விலங்குகளே இல்லைன்னு அரசாங்கம் சொல்லிட்டாங்களே."

"நாங்கதான் சார் சொன்னோம்."

"நீங்க எப்படிச் சொல்ல முடியும்? நீங்கதான் இல்லையே."

சுயம்பு யோசித்தது. கரடி சொல்வதில் எங்கே தப்பு என்று அதற்குப் பிடிபடவில்லை. வரிசையில் பின்னால் நின்ற கழுதை, "இல்லாத ஆளு எதுக்குய்யா வழியை மறிச்சிக்கிட்டு நிக்கீரு?" என்று இடித்தது. அந்தக் கழுதையும் இல்லாத கழுதைதான் என்பது கவுண்டரை நெருங்கியபோது அதற்கும் தெரிந்தது.

அன்றைக்கே காம்பவுண்டுச் சுவரின் கடைசி வரிசைக் கல்லும் ஏறியது. ஆவுடையும் குட்டிகளும் உப்பளத்து வரப்பில், ஒரு கிழிந்த சாக்கை நிழலுக்கு விரித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரிய குட்டி பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தது.

சுயம்பு தவசியைத் தேடிக்கொண்டு ஓடியது. தவசி அதற்குள் ஆள் சப்ளை காண்டிராக்ட் எடுத்திருந்தது.

"ஒனக்கு மூளை இருக்காவே?" என்றது தவசி. "உள்ளூருன்னு போய் நிக்கே! அவங்களுக்கு வெளியூர் ஆளுன்னா உசிரு. லீவு கேக்க மாட்டான், சாவுக்கும் சடங்குக்கும் ஓட மாட்டான், பக்கத்துல சொந்தக்காரன் இருக்க மாட்டான். பேசாம பைபாஸ் ஜங்ஷனுக்குப் போ. நம்ம பஸ்ஸு அங்க நின்னு வெளியூர் ஆள ஏத்திட்டு வரும். நீயும் ஏறிக்கோ."

"ஊரு கேட்டா?"

"வாயில வந்த ஊரைச் சொல்லு."

சுயம்பு பைபாஸ் வரை நடந்துபோய், அங்கிருந்து பஸ் ஏறித் தன் வீட்டுக்கு வேலைக்கு வந்தது. இல்லாத நரியை முன்பு பார்த்த ஞாபகம் இல்லாத கரடி, எந்த ஊர் என்று கேட்டபோது, வழியில் பார்த்த பஸ்ஸின் பெயர்ப்பலகை ஞாபகம் வர, "செவக்காடு" என்றது.

"அடடா, அவ்வளவு தூரத்திலிருந்தா!" என்று கரடி எழுந்து கைகொடுத்தார். வேலை கிடைத்தது. பெல்ட்டில் வலது பக்கம் பார்த்து வரும் பாகத்தை இடது பக்கம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வெளியூர் ஆட்களுக்குக் குடும்ப வளை கிடையாதாம். தனி ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கொட்டகை. சுயம்புவின் பழைய வளைக்குப் பச்சை வண்ணமடித்து, 'குடும்பக் குடியிருப்பு - காலி' என்று பலகை வைத்துப் பூட்டியிருந்தார்கள். சுயம்பு தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போனது.

கொட்டகையில் அதற்குப் பக்கத்துப் படுக்கை ஓர் ஒட்டகத்துக்கு. பன்வாரி என்று பெயர். வடக்கே பாலைவனத்திலிருந்து வந்தது. கட்டிலுக்குள் அடங்காமல் கழுத்தை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுத் தூங்கும்.

"உங்க ஊர்ல வேலையே இல்லையா பன்வாரி?" என்று சுயம்பு ஒருநாள் கேட்டது.

"இருக்கு பையா. பெரிய ஃபேக்டரி வந்துச்சு. ஒட்டகம் சோம்பேறி, வேலை செய்யாதுன்னு சொல்லி, இந்தப் பக்கத்துலேருந்து கழுதை கூட்டிட்டு வந்தாங்க. ரொம்ப நல்ல கழுதை. என்கிட்டயே வழி கேட்டுச்சு."

சாப்பாட்டு நேரத்தில் சுயம்பு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மதிலோரம் போய் நிற்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடை நிற்கும்.

"ஊர்ல மழை உண்டா?" என்று சுயம்பு, யாராவது கேட்டால் கேட்கட்டும் என்று சத்தமாகக் கேட்கும்.

"ஒங்க தலைக்கு மேல பாருங்க, தெரியும்," என்பாள் ஆவுடை. அதாவது, என்னும் ஆவுடை. கோபம் வந்தால் அது அவளாகிவிடும். "ஒங்க சின்ன மகன் காலு வெந்துபோய்க் கிடக்கான். பூட்டுன வளையில எவன் கோட்டை கட்டி ஆளப் போறான்னு அந்தக் கரடிகிட்ட கேளுங்க."

"கேட்டா நான் உள்ளூருன்னு தெரிஞ்சிரும், ஆவுடை. இருக்க வேலையும் போயிரும்."

"அப்ப நான் கேக்கேன்," என்று சொல்லிவிட்டு, மதில் விரிசல் வழியாக இரண்டு நண்டை நீட்டிவிட்டு ஆவுடை போய்விடும்.

"உங்க ஊர் சிக்னல் ரொம்ப நல்லா இருக்கு பையா," என்றது பன்வாரி. "நண்டுகூட வருது."

ஆவுடை சொன்னதைச் செய்தது. அடுத்த வாரம் கேட்டுக்கு முன்னால் காட்டில் மிச்சமிருந்த நரிகள், கீரிகள், கழுதைகள் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வந்து மறியலில் உட்கார்ந்தது. குட்டிகள் மூன்றும் முன்வரிசை. கையில் தட்டி. மயிலும் வந்திருந்தது. இந்தத் தடவை அதன் தோகையை யாரும் இழுக்கவில்லை.

நரிக் குலத்தில் ஒரு வழக்கம். ஒரு நரி குரல் எடுத்தால், காதில் விழும் தூரத்தில் உள்ள ஒவ்வொரு நரியும் சேர்ந்தே ஆக வேண்டும். விருப்பம், கொள்கை, சம்பளம் எதுவும் குறுக்கே வராது. தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

"வெளியூர்க்காரனே..." என்று ஆவுடை வானத்தைப் பார்த்து மூக்கைத் தூக்கியது.

உள்ளே பெல்ட்டின் முன்னால் நின்றிருந்த சுயம்பு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. பாகங்கள் எல்லாம் வலது பக்கம் பார்த்தபடியே போய்க்கொண்டிருந்தன. கண்ணில் நீர் முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"...வெளியேறூஊஊ!" என்று அதன் வாயிலிருந்து கிளம்பிய சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது.

கூட்டம், உள்ளிருந்தே ஆதரவு வந்துவிட்டது என்று இரண்டு மடங்காகக் கத்தியது. சுயம்பு அதற்கும் பதில் கத்தியது. தன்னை வெளியேறச் சொல்லித் தானே ஊளையிட்டுக்கொண்டு நின்ற நரியை மேனேஜர் கரடி வந்து பார்த்தார். அவர் உண்மையிலேயே இளகிய மனசுக்காரர்.

"பாவம்," என்றார். "சொந்த ஊர் ஞாபகம் வந்துருச்சு."

பேச்சுவார்த்தை நடந்தது. தவசி இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று இரண்டு தரப்பையும் ஆதரித்தது. முடிவில், மறியலை நடத்திய ஆவுடைக்கு மட்டும் ஒரு வேலை, குட்டிகளோடு இருக்கப் பூட்டிக் கிடக்கும் அந்தப் பச்சை வளை. அரசாங்கக் கணக்கில் இல்லாத ஓர் உள்ளூர்க்காரருக்கு நிர்வாகம் கருணையோடு தரும் இடம் என்று கரடி அறிவித்தார். வேலை ஒன்றுதான் என்பதால், வெளியூர் ஆட்களில் ஒருவரை ஊருக்கு அனுப்பியாக வேண்டும். ஏக்கத்தில் வாடும் செவக்காட்டு நரியைவிடத் தகுதியான ஆள் யார்?

உள்ளூர் என்று சொன்னால் ஆவுடைக்குக் கிடைத்ததும் போய்விடும். "சார், எனக்கு ஊரு ஞாபகமே இல்ல சார்," என்றது சுயம்பு. செவக்காட்டுக்காரனான பிறகு கரடியிடம் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

"எங்களுக்காக மனசைக் கல்லாக்கிக்காதீங்க," என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார். பஸ் ஏற்றிவிடத் தானே கூட வந்தார்.

கேட்டைக் கடக்கும்போது சுயம்பு ஜன்னல் வழியாகப் பார்த்தது. வளைவாசலில் குட்டிகள் மறுபடியும் வால் கடித்து உருண்டுகொண்டிருந்தன. ஆவுடை பஸ்ஸோடு நாலு அடி ஓடிவந்தது.

"நான் கத்துறப்ப ஒங்களை யாரு கத்தச் சொன்னது?"

"நீ கத்துனா நான் எப்படி ஆவுடை சும்மா இருக்க?"

"போன் போடுங்க. சாப்பிடுங்க. நண்டைப் பிடிச்சா யோசிச்சிக்கிட்டு நிக்காதீங்க, வாயில போடுங்க!" என்று கத்திய ஆவுடை, புழுதியில் சின்னதாகிப் போனது.

செவக்காட்டில் நண்டே இல்லை. செம்மண்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம் நரிகள் மூட்டை முடிச்சோடு நின்றன.

"அண்ணாச்சி எந்தப் பக்கமிருந்து?" என்று ஒன்று கேட்டது.

"கடற்கரைப் பக்கம்."

"அங்கதான் போறோம். வேலை வேலைன்னு கொட்டுதாமே?"

"கொட்டுது. இங்கயும் ஒரு ஃபேக்டரி தெரியுதே?"

"அது வெளியூர்க்காரங்களுக்குண்ணே," என்றது அந்த நரி. பஸ் ஹாரன் அடித்தது. எல்லோரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

சுயம்பு வெகுநேரம் யோசிக்கவில்லை. அதுவே அதற்கு ஆச்சரியமாக இருந்தது. தொழிற்சாலை வாசலில் போய் நின்றது.

"எந்த ஊர்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள்.

சுயம்பு தன் ஊரின் பெயரை, உப்பளத்தையும் துறைமுகத்தையும் உடைமரத்தையும் சேர்த்து, ஒன்று விடாமல் உள்ளது உள்ளபடி சொன்னது. "அடடா, அவ்வளவு தூரத்திலிருந்தா!" என்று எழுந்து கைகொடுத்தார்கள்.

நீதி: உண்மை பேசுகிறவர்களுக்கு வேலை நிச்சயம் கிடைக்கும், ஆனால் அதைச் சொந்த ஊரில் வைத்துப் பேசிவிடக் கூடாது.