அகராதி அண்ணனும் ஆறிப்போன ரசமும்

பிள்ளைகளே, உலகத்து மொழிகளை எல்லாம் கரைத்துக் குடித்தவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரே ஒருவர்தான். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; 'அகராதி அண்ணே' என்றால்தான் திரும்புவார்.

சாம்பார் வாளியோடு வருவார். நான் சோற்றில் குழி பறித்துக் காத்திருப்பேன். கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும்.

"ஃபாரோன்னு ஒரு தீவு இருக்குப்பா, வடக்கே, குளிர்ல. அங்க 'ஹூஸ்'னா வீடு. ஒரு வீடும் ஹூஸ், பத்து வீடும் ஹூஸ். இங்கிலீஷ் 'ஹவுஸ்'க்குப் பங்காளி! அதே எழுத்த ஹங்கேரிக்காரன் 'ஹூஷ்'னு படிப்பான். அவனுக்கு அது இறைச்சி. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"அண்ணே, ஊத்துங்க லா! கிள்ளான் ரயில் போயிடும்."

"இருப்பா, இலக்கணம் இன்னும் வரல."

இலக்கணம் வருவதற்குள் சோறு காய்ந்துவிடும். வயிறெரிந்தவர்கள் இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுப் போனார்கள். நம் பக்கம் மடித்தால் திருப்தி, எதிர்ப்பக்கம் மடித்தால் கோபம் என்று உங்களுக்கே தெரியும். ஒருநாள் முதலாளி வெடித்தார்.

"இன்னும் ஒரு இலை அந்தப் பக்கம் மடியட்டும், நீ வாளிய வச்சிட்டுக் கிளம்பிடு!"

அன்று பார்த்தா ஒரு வெள்ளைக்காரர் வரவேண்டும்? ஊரைக் கேட்டால், அதுவும் ஹங்கேரிக்காரர்!

அகராதி அண்ணனுக்கு அருள் வந்துவிட்டது. தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொழிந்தார்: 'இறைச்சியைத் தின்றேன்' என்று சொல்ல நாங்கள் 'ஐ' சேர்ப்போம், நீங்கள் 'ட்' சேர்த்து 'ஹூஷ்ட்' என்பீர்கள், சரியா பாஸ்? அவர் வாயைப் பிளந்தபடி தலையாட்டினார். ரசம் ஆறியது. மோர் புளித்தது.

ஒருவழியாகச் சாப்பிட்டு முடித்த வெள்ளைக்காரர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாமும் இலையை மடிக்க நினைத்தார். தம் பக்கத்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். எதிர்ப்பக்கம் மடிக்க!

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார்.

"நோ! நோ!" சாம்பார்க் கையோடு பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அண்ணனைத் தினமும் திட்டுகிற கூட்டம் மொத்தமும் எழுந்து, "உங்க பக்கம் பாஸ், உங்க பக்கம்!" என்று கத்தியது. எப்படி என்று காட்ட, ஆளாளுக்குத் தங்கள் இலையையும் மடித்தார்கள். ஓர் ஆன்ட்டியின் பாயசம் அவர் மடியிலேயே கொட்டியது. மிரண்டுபோன வெள்ளைக்காரர் தம் பக்கமே மடித்தார்.

முதலாளி உட்கார்ந்தார்.

அகராதி அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. அவர் பன்மைக்குப் போயிருந்தார்.

இப்போதும் எனக்கு ரசம் ஆறித்தான் வருகிறது. பாதி நாள் ரயிலும் போய்விடுகிறது. இலையை மட்டும் என் பக்கம்தான் மடிக்கிறேன்.