கண்ணாடியில் எழுந்த இட்லி

என் அண்ணன் தங்கராஜ் ஒரு புளுகர். (புளுகன் என்று எழுதத்தான் கை வருகிறது. மூத்தவர் என்பதால் மரியாதை கொடுத்திருக்கிறேன்.)

மும்பையில், மாட்டுங்கா லேபர் கேம்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். செம்பூரில் ஒரு கோச்சிங் கிளாஸ், வீடியோவில் பாடம் நடத்த ஆள் தேடியது. ஒளிரும் கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நின்று எழுத வேண்டும். திங்கள் காலை பத்து மணிக்கு வீடியோ காலில் நடத்திக் காட்ட வேண்டும். கிடைத்தால் என் வாழ்க்கையின் முதல் மாதச் சம்பள வேலை. தாதரில் ஒரு கடையில் அந்தப் பலகையை விசாரித்தேன். (நான் கேட்டது பலகையின் விலை. கடைக்காரன் சொன்னது ஒரு ரூமின் விலை.)

அண்ணன் தாராவியில் ஓட்டல்களுக்குக் கண்ணாடி ஷோகேஸ் மாட்டுபவர்.

"ஒரு கண்ணாடி, சுத்தி எல்இடி பட்டி, ஒனக்குப் பின்னால கறுப்பு ரெக்சின். நான் செஞ்சு தாரேன்ட்டி."

"பழைய கண்ணாடிய மாட்டிராதீங்கண்ணே."

"ஒன் தலையில அடிச்சுச் சத்தியம், புது மால்!"

(என் தலை. அவர் தலை இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

சனிக்கிழமை என்றவர் திங்கள் காலை ஒன்பதரைக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீடு ஒரே அறை. ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, எல்இடியைப் போட்டார். நான் ஒளிரும் மார்க்கரால் ஒரு முக்கோணம் வரைந்தேன்.

கண்ணாடியே காணாமல் போனது. இருட்டில் ஒரு பச்சை முக்கோணம் மட்டும் அந்தரத்தில் நின்றது. பதினோரு வருஷமாக அதே முக்கோணத்தைச் சாக்பீஸால் கீறிக்கொண்டிருக்கிறேன். அது இவ்வளவு அழகு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கை போன வழியெல்லாம் வெளிச்சம் பிறந்தது. வாய் ஓயாத மைனி, அண்ணன் மனைவி, "ஆத்தாடி" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து மணி. போன் திரையில் மூன்று பேர். (போனில் ஒரு பட்டனைத் தட்டினால் இடவலம் மாறி, என் எழுத்து அவர்களுக்கு நேராகத் தெரியும்.) பித்தாகரஸை ஆரம்பித்தேன். இந்தி தண்ணீராக ஓடியது. நடுவில் இருந்த பெரியவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, வாயைத் திறந்தபடி பார்த்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மைனி இட்லி விற்பவள். பதினோரு மணிக்கு ஓர் ஆர்டர். அறையின் மறுபாதியில் அடுப்பு. அந்த நிமிஷம் பார்த்து இட்லிச் சட்டியைத் திறந்தாள்.

ஆவி வந்து கண்ணாடியில் படர்ந்தது. அந்த வெளுப்பில், என் முகத்துக்கு நேராக, நான் எழுதாத எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எப்போதோ ஒட்டி, உரித்துப்போட்ட எழுத்துகளின் பசைத்தடம். எல்லாம் இந்தி. 'கரம் இட்லி. மேது வடா. பார்சல் மிலேகா.' சூடான இட்லி, மெதுவடை, பார்சலும் கிடைக்குமாம். எல்இடி அத்தனைக்கும் ஒளி கொடுத்தது. எரிச்சலோடு சொல்கிறேன், அதுவும் அழகாகத்தான் இருந்தது.

துப்பட்டாவால் துடைத்தேன். பித்தாகரஸ் அழிந்தார். ஆவி மறுபடி படர்ந்தது, இட்லி மறுபடி வந்தது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மேடம், சட்னி பீ மிலேகா க்யா?"

சட்னியும் கிடைக்குமா என்கிறார். வேலை திலக் நகர்ப் பெண் ஒருத்திக்குப் போனது.

"புது மால்னு சொன்னீங்களேண்ணே!"

"கண்ணாடில என்னட்டி தப்பு? ஒங்க மைனில்லா சட்டியத் தெறந்தா."

"ஆமா," என்றாள் மைனி. "நான் இட்லி அவிக்காம கணக்கையா அவிப்பேன்?"

அதே பலகையில்தான் இன்றும் கேம்ப் பிள்ளைகளுக்கு வீடியோ எடுக்கிறேன். முக்கோணம் எழும்போது இன்றும் ஒரு நொடி மூச்சு நின்றுவிடுகிறது. மைனி சட்டியைத் திறந்தால் இட்லியும் வருகிறது. பிள்ளைகளுக்கு நான் 'பார்சல் டீச்சர்'. கல்யாண வீடுகளில் அண்ணனே இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார், கண்ணாடி வந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

அண்ணே, பொங்கல் விழாவில் மைக் உங்கள் கையில்தானே இருக்கும்? வரவேற்புரைக்கு முன்னால், கேம்ப் முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். அது எந்த ஓட்டல் கண்ணாடி?