ஆறு மூட்டை மண்

மகளின் அறையில் ஆறு மூட்டைகள் இருந்தன. மூன்றில் காளான் காது காதாக விரிந்திருந்தது. நாலு, ஐந்து, ஆறு என்று எண் போட்ட மற்ற மூன்றும் மொட்டை மண்ணாகவே கிடந்தன.

"இப்படி முறைச்சுப் பார்த்தா எது முளைக்கும்? தள்ளி நில்லுங்க," என்றாள் மனைவி.

"மூணு வாரத்துல கோர்ட்லேர்ந்து ஆள் வராங்க. பாதியைக் காட்டிட்டுப் பல்லிளிக்கவா?"

அவர் அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் முதலில் பேனாவைத்தான் தேடுவார்.

மகள் வக்கீல். எண்ணெய்க் கிடங்கு ஒன்று கழிவைத் திறந்துவிட்டுப் பாழாக்கிய வயல்களுக்காக வழக்காடினாள். காளானின் வெள்ளை நூல்கள் மண்ணில் ஊறிய எண்ணெயைத் தின்னும். அந்த வேலையைக் கிடங்கே செய்து தரட்டும் என்பது அவள் வாதம். அதெல்லாம் கட்டுக்கதை என்றது கிடங்கு. அதைப் பொய்யாக்கத்தான் அந்த வயல் மண்ணை மூட்டை கட்டித் தன் அறையில் வைத்திருந்தாள். ஏழு வாரத்துக்கு முன் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. மூட்டைகள் மட்டும் இருந்தன.

பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு அவள் இதில் இறங்கியபோது அவர் எட்டு மாதம் பேசவில்லை. "ஊரார் வழக்கையெல்லாம் தலையில போட்டுக்கிட்டு அலையறா," என்று சுவரிடம் சொல்வார், அவளுக்குக் கேட்கும்படி.

அவளோடு வேலை பார்த்த பெண் வக்கீல் போனில் சொன்னது ஒன்றுதான்.

"அங்கிள், ஆறுக்கும் ஒரே அளவு தண்ணி தெளிங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

"நான் என்னம்மா செய்யப்போறேன்?" என்று போனை வைத்தவர், அன்றைக்கே அந்த மூன்றுக்கும் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். "சார், எங்க கூரையில கறுப்பா உலக மேப் மாதிரி ஒண்ணு வந்திருக்கு. மேல என்னதான் பண்றீங்க?"

"விவசாயம்," என்றாள் மனைவி.

ஈரத்தைக் காயவைக்க மேஜை விளக்கைத் திருப்பி வைத்தார். மண் வெடித்தது, வீடு முழுக்க மோட்டார் ஷெட் நாற்றம். நாற்றம் போக ஜன்னலைத் திறந்தார். பூனை ஒன்று உள்ளே குதித்து, ஐந்தாம் எண் மூட்டையைத் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது.

"இனிமே ஏதாவது முளைச்சா, அது காளான்தானான்னு விசாரிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு. பாதியிலேயே அது வேறொன்றாக மாற, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். மகள் இருந்தவரை ஒருநாளும் அந்த அறையில் அவர் உட்கார்ந்ததில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, ஒரு கரண்டியோடு வந்தார். நல்ல மூட்டைகளிலிருந்து வெள்ளை நூல் ஓடிய மண்ணை அள்ளி, நாலாம் எண்ணில் புதைத்தார்.

"எதுவும் செய்யாதீங்கன்னாங்களே!" மனைவி வாசலில் நின்றாள்.

"தப்புன்னு கண்ணால பார்த்துட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொல்றியா? இது அவ கேஸ். என்னால தோத்துச்சுன்னு இருக்கக் கூடாது."

அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஐந்தாம் எண் மூட்டையின் வாயை விரித்துப் பிடித்தாள்.

பதினெட்டாம் நாள் ஆறிலும் காளான். அவர் காலியான கட்டிலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "எல்லாம் வந்துடுச்சும்மா."

வெள்ளிக்கிழமை, நீதிமன்றம் நியமித்த மண் ஆய்வாளர் வந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாத அம்மாள். கூடவே அந்தப் பெண் வக்கீலும். ஆறு மூட்டைகளையும் பார்த்துவிட்டு வக்கீல் வாயைத் திறந்தார், அப்படியே மூடிக்கொண்டார். அசந்துபோய்விட்டாள் பெண் என்று நினைத்தார் அவர்.

"மூணு மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சுங்க. விடுவேனா? என் பொண்ணு வேலையாச்சே!"

ஆய்வாளர் பையிலிருந்து அரக்கு முத்திரையிட்ட உறை ஒன்றை எடுத்தார். எந்த எண்ணில் என்ன இருக்கிறதென்று மகள் தன் கையால் எழுதி, யாரிடமும் சொல்லாமல் நீதிமன்றத்தில் கொடுத்திருந்தது. பிரித்தார். இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, நாலு, அஞ்சு, ஆறுல உங்க பொண்ணு காளான் விதையே போடல. ஒப்பிட்டுக் காட்டறதுக்காக வச்ச வெறும் மண்ணு அது. அது மூணும் முளைக்காம இருந்திருந்தாத்தான் அவங்க ஜெயிச்சிருப்பாங்க."